நாற்றம் நின்ற நாள்

முதலாளி தன் மூக்கைக் காப்பீடு செய்திருந்தார். பத்திரத்துக்குச் சட்டம் போட்டு நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருந்தார். அவரிடம் காப்பாற்றத் தகுந்த வேறு உறுப்பு இருப்பதாக மூக்கனுக்குத் தோன்றவில்லை.

மூக்கன் என்பது பட்டப்பெயர். மூக்கு பெரிது; அது ஒரு காரணம். தராசம்மாவிடம் அவன் பார்த்த வேலை மோப்பம் பிடிப்பது. அது இன்னொரு காரணம். தராசம்மா எடையளவுத் துறையில் இருபத்திரண்டு வருடம் ஆய்வாளராக இருந்தவள். தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டுகிறவன், படிக்கல்லைக் குடைந்து ஈயத்தை எடுக்கிறவன் என்று பார்த்துப் பார்த்து, மனிதர்கள்மேல் இருந்த மரியாதையை முழுக்கத் தீர்த்துவிட்டுத் துப்பறிய வந்தவள். மூன்று வருடத்துக்கு முன் ஒரு காய்ச்சல் வந்து அவளுடைய மோப்பத்தை எடுத்துக்கொண்டு போனது. அதன்பின் மூக்கனை வைத்துக்கொண்டாள். அதுவரை அவன் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்.

"எந்த வாசனையா இருந்தாலும் கண்ணை மூடிக்கிட்டுச் சொல்வேன்" என்றார் முதலாளி.

"கண்ணைத் திறந்தா சார்?" என்றான் மூக்கன்.

முதலாளி அவனைப் பார்க்கவில்லை. மேஜைமேல் இருந்த பழுப்பு நிற பாட்டிலை விரல் நுனியால் தள்ளினார். உள்ளங்கை அளவு. மேலே பெயர் எதுவும் ஒட்டவில்லை.

"இன்னைக்குக் காலையில கேட்ல அந்தப் பொண்ணு பையிலேருந்து எடுத்தது. என்சைம். திங்கட்கிழமை தூக்கியிருக்கா. நாலு மணிக்கு இன்ஸ்பெக்டர் வர்றார். அதுக்குள்ள நீங்க ஒரு ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தா போதும்."

"கண்டுபிடிக்கணுமா, எழுதணுமா?" என்றாள் தராசம்மா.

"ரெண்டும் ஒண்ணுதானே."

அன்று வெள்ளிக்கிழமை. சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று.

விவகாரம் இதுதான். இந்த ஆலை பிஸ்கெட்டுக்குப் போடும் வெண்ணெய் வாசனையைத் தயாரிக்கிறது. அதை இரண்டு வழியில் செய்யலாம். ரசாயனங்களைக் கலந்து ஒரு மணி நேரத்தில் முடிக்கலாம். அப்போது டப்பாவில் 'செயற்கை' என்று எழுத வேண்டும். அல்லது பால் கொழுப்பில் நொதியை விட்டு மூன்று நாள் காத்திருக்கலாம். நொதி கொழுப்பைத் துண்டு துண்டாக நறுக்கி, உள்ளே அடைந்து கிடக்கும் வாசனையை வெளியே விடும். அப்போது 'இயற்கை' என்று எழுதிக்கொள்ளலாம். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் பிஸ்கெட் கம்பெனிகள் இந்த வாசலில் வரிசையில் நின்றன. நொதி என்று ஆலையில் யாரும் சொல்வதில்லை; என்சைம் என்பார்கள். அதை ஒரு பூஞ்சையிலிருந்து ஆறு வருடம் பழக்கி எடுத்தவள் ஆராய்ச்சிக்காரி. அவளைத்தான் இப்போது திருடி என்கிறார்கள்.

மூக்கன் பாட்டிலைத் திறந்தான். உடனே மூடினான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"எப்படி?" என்றாள் தராசம்மா.

"வாந்தியெடுத்து ஒரு வாரம் மூடி வச்ச மாதிரி, அக்கா."

"பார்த்தீங்களா?" என்றார் முதலாளி. தன் கைக்குட்டையை முகத்துக்கு எதிரே ஆட்டிக்கொண்டார். "என் சரக்கு வெண்ணெய். இந்தக் கண்றாவி என் மேஜைக்கு வந்ததே இல்லை."

ஆராய்ச்சிக்காரியை 'நூலகம்' என்று எழுதிய அறையில் உட்கார வைத்திருந்தார்கள். உள்ளே புத்தகம் எதுவும் இல்லை. உடைந்த நாற்காலிகள் இருந்தன; உடையாத ஒன்றில் அவள் இருந்தாள். நாற்பதை நெருங்கும் வயது. நகத்தைக் கடித்துக் கடித்து விரல் சிவந்திருந்தது.

"நீங்க அவரோட ஆளு. உங்ககிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது?"

"நான் யாரோட ஆளும் இல்ல. பாட்டில்ல என்ன?"

"சாம்பிள். ஒவ்வொரு டேங்க் சரக்குலயும் ஒரு பாட்டில் எடுத்து அலமாரியில வைக்கணும். அது நான் கடைசியா இறக்கின டேங்க். ரெண்டு மாசம் ஆச்சு."

"அப்புறம்?"

"அப்பாவுக்கு ஆபரேஷன். பத்து நாள் லீவு, ஆறாம் தேதியிலேருந்து. திரும்பி வந்தா டேங்க் ரூமுக்குப் பூட்டு. மச்சான் சாரே பார்த்துக்கிறாராம். நான் டெஸ்ட் டியூப் கழுவினா போதுமாம்."

மச்சான் சார் என்பது ஆலை மேலாளர். முதலாளி மனைவியின் தம்பி. வேறு தகுதி எதையும் யாரும் அவரிடம் கேட்டதில்லை.

"இதை எதுக்குப் பையில போட்டே?"

"இப்போ டிரம்ல போறது என் சரக்கு இல்லன்னு தோணிச்சு. வெளியில கொடுத்து ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்னு எடுத்தேன்."

"முதலாளிகிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"புதன்கிழமை சொன்னேன். தினமும் நான்தான் மோந்து பார்த்துக் கையெழுத்துப் போடறேன், என் மூக்கு பொய் சொல்லுமான்னு கேட்டார். சொல்லும்னேன்."

மூக்கன் முதல்முறையாக அந்த ஆலையில் சந்தோஷப்பட்டான்.

"இதை லேப்புக்கு அனுப்பலாமே அக்கா."

"பத்து நாள் ஆகும். போலீஸ் நாலு மணிக்கு வருது" என்றாள் தராசம்மா.

"ஒரு தடவை திருடின்னு எழுதிட்டா போதும்" என்றாள் அந்தப் பெண். "அதுக்கப்புறம் எந்த லேப்லயும் என்னைக் கதவுக்கு உள்ள விட மாட்டாங்க. நான் கத்துக்கிட்டது இது ஒண்ணுதான்."

தராசம்மா ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. ஆறுதல் சொல்வதற்குத் தனியாக ஆள் வைக்க வேண்டும் என்று மூக்கன் அடிக்கடி சொல்வான்.

டேங்க் அறையை மச்சான் சாரே திறந்துவிட்டார். நாற்பது வயது. தலையில் எண்ணெய், சட்டையில் செண்ட், பேச்சில் இரண்டும். ஆளுயர எஃகுத் தொட்டி பளபளவென்று நின்றது. தராசம்மா அதன்மேல் கையை வைத்தாள். சில்லென்று இருந்தது.

"திங்கட்கிழமையோட நின்னுபோச்சு மேடம். என்சைமே இல்லாம எதை ஓட்டறது? வயித்தெரிச்சல்."

மூக்கன் மூச்சை இழுத்தான். பினாயில். அதற்கு அடியில் இன்னும் கொஞ்சம் பினாயில்.

"திங்கள் வரைக்கும் ஓடிச்சா?"

"நிக்காம ஓடிச்சு. டேங்க்காரரையே கேளுங்களேன்."

டேங்க்காரர் கூப்பிடுவதற்கு முன்பே வந்து நின்றார். ஐம்பதை நெருங்குகிற ஆள். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. கண்ணைத் தரையில் நட்டுக்கொண்டு ஒப்பித்தார்.

"திங்கட்கிழமை சாயங்காலம் டேங்க்கை இறக்கினேங்க. அஞ்சரை மணிக்கு அந்தப் பொண்ணு ஒரு பாட்டிலோட போனதைப் பார்த்தேங்க."

"போன வாரம் எத்தனை டேங்க்?"

"ரெண்டுங்க."

"ரெண்டு மாசமா நடுவுல நிறுத்தினதே இல்லையா?"

டேங்க்காரர் மச்சான் சாரைப் பார்த்தார். "இல்லைங்க."

வெளியே வந்ததும் மூக்கன் சொன்னான். "அக்கா, அவர் பேசறப்போ மச்சான் சாரோட உதடும் சேர்ந்து அசைஞ்சுது."

"பாடம் நடத்தினவனுக்குத்தானே பயம், பையன் மறந்துடுவானோன்னு. அதெல்லாம் ரிப்போர்ட்ல எழுத முடியாது. இங்கே ஒரே கேள்விதான். டேங்க் எப்போ நின்னுது? திங்கட்கிழமைன்னா அவ திருடி. அதுக்கு முன்னாடின்னா இவனுங்க."

கேன்டீனில் தேநீர் வாங்கினார்கள். வாயில் வைத்ததும் மூக்கன் டம்ளரைத் தள்ளி வைத்தான். தராசம்மா மிச்சம் வைக்காமல் குடித்தாள். மோப்பம் போனதில் அவளுக்கு அது ஒரு வசதி.

மின்விசிறிக்குக் கீழே பெரிய மேஜை. டேங்க்காரர் அதன் நடுவில் உட்கார்ந்து, அலுவலக ஆட்களோடு ரொட்டி தின்றுகொண்டிருந்தார். ஒரு குமாஸ்தா அவர் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துக்கொண்டான். தராசம்மா அதைப் பார்த்தாள். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். சுவர் ஓரமாகத் தகரக் கூரை போட்டு ஒரு பெஞ்ச் தனியாகக் கிடந்தது. அதன்மேல் ஒரு பூந்தொட்டி.

"அது என்ன பெஞ்ச்?" என்று பரிமாறுகிறவரைக் கேட்டாள்.

"டேங்க் பெஞ்சுங்க. டேங்க்ல வேலை பார்த்தவங்க அங்கேதான் சாப்பிடணும். உள்ள வந்தா மத்தவங்களுக்குச் சோறு இறங்காது."

"ஏன்?"

"சரக்கு அப்படிங்க. பச்சையா இருக்கும்போது குடலைப் பிடுங்கும். ஆயிரத்துல ஒரு பங்கா கலந்தாத்தான் வெண்ணெய். தொட்டவன் மயிர்க்கால் வரைக்கும் ஏறிக்கும். குளிச்சாலும் போகாது."

"உங்க முதலாளி டேங்க் ரூமுக்குப் போவாரா?"

"அவரா? இந்த வாடை அவர் மூக்குக்கு ஆகாதாம். கலந்து, பேப்பர்ல நனைச்சு, மேஜைக்குக் கொண்டுபோய்க் கொடுப்போம். ஒருநாள்கூட அந்தப் பக்கம் வந்ததில்லை."

தராசம்மா எழுந்து வெளியே போனாள். பெஞ்சின் காலுக்கும் சுவருக்கும் நடுவே சிலந்தி நிதானமாக வீடு கட்டியிருந்தது. பூந்தொட்டியைத் தூக்கப் பார்த்தாள், வரவில்லை. தொட்டியின் ஓட்டை வழியாக வேர் இறங்கி, பலகை விரிசலைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"டேங்க்காரர் எப்போலேருந்து உள்ள வந்து சாப்பிடறார்?"

பரிமாறுகிறவர் யோசித்தார். "அட. தெரியலைங்களே. ஒருநாள் உள்ள வந்தார். யாரும் எழுந்து போகல. அப்படியே உக்காந்துட்டார்." கொஞ்சம் வெட்கப்பட்டார். "நாங்க இங்கேயே கிடக்கிறவங்க. மூக்கு மரத்துப்போச்சு. நாத்தம் வந்தா நாலு பேர் சொல்வாங்க. நின்னா யாருங்க சொல்றாங்க?"

"பாரு" என்றாள் தராசம்மா மூக்கனிடம். "வாசனை வித்துப் பிழைக்கிற இடம். நூறு மூக்கு. டேங்க் நின்னது ஒரு மூக்குக்கும் தெரியல."

"வெளியாளைத்தான் கேட்கணும்."

"பரவாயில்ல. தலையும் வேலை செய்யுது."

டேங்க்காரர் வீட்டுக்குப் போகும் பஸ் ஆலை வாசலிலிருந்தே கிளம்பியது. நடத்துநர் விசிலை வாயில் வைத்தபடியே பேசும் கலை தெரிந்தவர்.

"கடைசி சீட்டுக்காரரா? தெரியாம என்ன. மனுஷன் ஏறினா பஸ்ல பாதி இடம் காலியாயிடும். நின்னுக்கிட்டே வருவாங்க, அவர் பக்கத்துல உக்கார மாட்டாங்க. நானே டிக்கெட்டை நீட்டிட்டு ஓடி வந்துடுவேன். இப்போ முன்னாடி உக்கார்றார். அன்னைக்கு ஒரு அம்மா அவர் தோள்ல சாஞ்சு தூங்கிட்டு வந்துது. இறங்கற இடம் தாண்டியும் அவர் எழுப்பல."

"எப்போலேருந்து முன்னாடி?"

"ரெண்டு மாசம் இருக்கும். ஒன்றரையும் இருக்கலாம்."

தராசம்மா சீட்டில் சாய்ந்துகொண்டாள். "இருக்கும், இருக்கலாம். இதைத் தட்டுல போட்டா முள் அசையாது."

வீடு ஒரு அறை, ஒரு அடுக்களை. பின்பக்கம் குழாய். குழாயடியில் தனியாக ஒரு வாளி, கவிழ்த்து வைத்திருந்தது. சுவரில் ஆணி, ஆணியில் கயிறு, அதில் பக்கத்து வீட்டுப் போர்வை காய்ந்தது. சுவரோரமாக ஒரு கட்டில். அதன்மேல் விறகு அடுக்கியிருந்தது.

டேங்க்காரரின் மனைவி தையல் மிஷினிலிருந்து எழுந்து வந்தாள். ஆலையிலிருந்து வருகிறோம் என்றதும் முகம் மாறியது.

"அவரை மறுபடி டேங்க்குக்கு மாத்திட்டாங்களா?"

"டேங்க்ல இல்லையா இப்போ?"

"ஸ்டோர்ல போட்டிருக்காங்களே. மச்சான் சார்தான் மனசு வச்சாராம்." அவள் குரலில் பெருமை இருந்தது. அதைக் கேட்க மூக்கனுக்குச் சங்கடமாக இருந்தது.

"என்னைக்குப் போட்டாங்க?"

அவள் யோசிக்கவில்லை. உள்ளே போய் ஆணியிலிருந்து நாட்காட்டியை எடுத்து வந்தாள். இரண்டு தாளைத் திருப்பினாள். ஒன்பதாம் தேதியைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம்.

"ஒன்பது வருஷம் அவர் அந்தக் கட்டில்லதான் படுத்தார். மழை வந்தா தலைக்குத் தார்ப்பாய். வேலை முடிஞ்சு வந்ததும் குழாயடி. அந்த வாளி அவருக்கு மட்டும். சட்டையைக் கயித்துல போட்டுட்டு, வேற சட்டை மாத்திட்டு வாசப்படியிலயே உக்காந்து சாப்பிடுவார். பொண்ணுக்கு எட்டு வயசு. அப்பா மடியில உக்காந்ததே இல்ல. மூக்கைப் பிடிச்சுக்கிட்டு 'அப்பா, போயிட்டு வாங்க'ன்னு தூரத்துலேருந்து கையாட்டும்." நாட்காட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். "அந்த வாரம் மூணு நாளா வாடை குறைஞ்சுக்கிட்டே வந்துது. இந்தத் தேதி நான் அவர் தலையை மோந்து பார்த்தேன். ஒண்ணுமே இல்ல. உள்ள வாங்கன்னேன். அதான் வட்டம் போட்டு வச்சேன்."

மூக்கன் கட்டில்மேல் இருந்த விறகைத் திரும்பிப் பார்த்தான்.

"ஆறாம் தேதி அவ லீவுல போறா" என்று தராசம்மா தனக்குள் சொன்னாள். "அன்னைக்கே நின்னிருக்கு." பிறகு அந்த அம்மாளிடம் கேட்டாள். "உங்க மூக்கு எப்படி?"

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கு. ஏன்?"

"ஆலை வரைக்கும் வரணும். ஒரு விஷயத்தை நீங்கதான் சொல்ல முடியும்."

அவள் நல்ல சேலைக்கு மாறிக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் ஏறி முன்னால் போய் உட்கார்ந்தாள். மூக்கன் பின்னால் நின்று குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, அந்தம்மாவை வச்சே அவ புருஷனைக் கவுக்கப் போறோம்."

"நிறுக்கும்போது நான் ஆள் முகத்தைப் பார்க்கறதில்ல."

"கொஞ்சம்கூடவா?"

"பார்த்தா முள்ளைப் பார்க்க முடியாது."

மூன்றே முக்காலுக்கு முதலாளி அறையில் எல்லோரும் இருந்தார்கள். முதலாளி உட்கார்ந்திருந்தார். மச்சான் சார் அவர் நாற்காலிக்குப் பின்னால் காப்பீட்டுப் பத்திரத்தை மறைத்துக்கொண்டு நின்றார். டேங்க்காரர் கதவோரம். ஆராய்ச்சிக்காரி ஜன்னலோரம். டேங்க்காரரின் மனைவியை மூக்கன் வெளியே உட்கார வைத்திருந்தான்.

"ரிப்போர்ட் எங்கே?" என்றார் முதலாளி.

"உங்க கையெழுத்துதான் பாக்கி. நீங்க மோந்து பார்த்த பேப்பர்ல கையெழுத்துப் போடுவீங்களாமே?"

முதலாளி மலர்ந்தார். மேஜை இழுப்பறையிலிருந்து விரல் அகலத் தாள் பட்டைகளை எடுத்தார். இது அவர் ஆலையின் முறை. வாசனையில் நனைத்த தாளை அவர் மோந்து பார்ப்பார். சரி என்றால் 'என் சரக்கு' என்று எழுதிக் கையெழுத்திடுவார். அதற்குப் பிறகே டிரம் வாசலைத் தாண்டும். இருபது வருடமாக அந்தக் கையெழுத்தைப் பிஸ்கெட் கம்பெனிகள் கேள்வி கேட்டதில்லை.

தராசம்மா பழுப்பு பாட்டிலில் ஒரு தாளை நனைத்து நீட்டினாள். முதலாளி ஒரு சாண் தூரத்திலேயே நிறுத்திக்கொண்டார்.

"சீ. என் சரக்கு இல்லை. இதுதான் திருட்டு என்சைம்."

"எழுதுங்க."

எழுதினார். தேதி போட்டார். தராசம்மா தாளை வாங்கிக்கொண்டாள். அடுத்ததாக, அன்று காலை வாசல் தாண்டக் காத்திருந்த டிரம்மிலிருந்து மூக்கன் எடுத்து வந்த குப்பியில் ஒரு தாளை நனைத்தாள். முதலாளி அதைக் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார்.

"ஆகா. இதுதான் நான்."

"அதையும் எழுதிடுங்க."

அதையும் எழுதினார். தராசம்மா தலையசைத்தாள். மூக்கன் கதவைத் திறந்தான்.

மனைவி உள்ளே வந்ததைப் பார்த்ததும் டேங்க்காரர் சுவரில் ஒட்டிக்கொண்டார்.

"இது யாரு?" என்றார் முதலாளி.

"உங்க ஆலையில இல்லாத மூக்கு" என்றாள் தராசம்மா. இரண்டாவது தாளை அந்த அம்மாளிடம் கொடுத்தாள். "இது என்னன்னு சொல்லுங்க."

அவள் மோந்தாள். "பிஸ்கெட் கடை வாசல் மாதிரி இருக்கு."

"வீட்டுல இந்த வாசனை எப்பவாவது வந்திருக்கா?"

"வந்ததே இல்லைங்க."

முதல் தாளைக் கொடுத்தாள். அதை மூக்கருகே கொண்டுபோக வேண்டிய அவசியமே வரவில்லை. கை பாதி வழியில் நின்றது. அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"இது இவரோட சட்டை."

"என்ன சட்டை?" என்றார் முதலாளி.

"ஒன்பது வருஷம் நான் துவைச்ச சட்டைங்க. டேங்க்ல வேலை பார்த்துட்டு வந்தா இதுதான். எனக்குத் தூக்கத்துலயும் தெரியும்."

"என்சைமுக்கு நாத்தமே கிடையாது சார்" என்றாள் ஆராய்ச்சிக்காரி ஜன்னலோரத்திலிருந்து. "ஈர மாவு மாதிரி லேசா இருக்கும். அந்தப் பாட்டில்ல இருக்கிறது நீங்க ஒன்பது வருஷமா விக்கிற வெண்ணெய். கலக்காதது."

மச்சான் சார் சிரிக்க முயன்றார். "மாமா, ஒரு தையல்காரம்மா பேச்சைக் கேட்டு—"

ஆராய்ச்சிக்காரி மேஜைக்கு வந்தாள். தேநீர்த் தட்டில் ஒரு ஜாடிப் பால் இருந்தது. பாட்டிலிலிருந்து ஒரே ஒரு சொட்டை அதில் விட்டுக் கரண்டியால் கலக்கினாள். அறையில் வெண்ணெய் மணம் எழுந்தது. பிஸ்கெட் கடை வாசனை அதன் பக்கத்தில் பொம்மைபோல இருந்தது. முதலாளியின் வாயில் எச்சில் ஊறியதை மூக்கன் பார்த்தான். அவர் அதை விழுங்கினார்.

"ஒன்பதாம் தேதியிலேருந்து உங்க டேங்க்காரர் மேல இந்த வாடை இல்ல" என்றாள் தராசம்மா. "ரெண்டு மாசமா உங்க டேங்க் ஓடல. வெளியிலேருந்து செயற்கைச் சரக்கு வருது. அதுக்கு நீங்க தினமும் 'என் சரக்கு'ன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இன்னைக்கும் என் முன்னாடி போட்டீங்க. உங்க சொந்தச் சரக்கைச் சீன்னு சொல்லி, அதுக்கும் கையெழுத்துப் போட்டீங்க."

டேங்க்காரர்தான் வாயைத் திறந்தார். மனைவியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நாப்பத்தஞ்சு டிகிரி சூட்டுல மூணு நாள் வைக்கணும். அந்தப் பொண்ணு லீவுல போன அன்னைக்கு மச்சான் சார் தொண்ணூறு வச்சார். சூடு ஏத்தினா ஒரே நாள்ல முடியும்னார். இருந்த என்சைம் மொத்தத்தையும் ஊத்தச் சொன்னார். முட்டை மாதிரி வெந்து கட்டி கட்டியா மிதந்துது. சாக்கடையில கொட்டினோம். அப்புறம்..." நிறுத்தினார். "அந்தப் பொண்ணு கேள்வி கேட்க ஆரம்பிச்சதும், அவதான் திருடினான்னு போலீஸ்ல சொல்லு, இல்லன்னா வேற ஆலை டேங்க்ல கொண்டுபோய்த் தள்ளிடுவேன்னார்."

"சீக்கிரம் முடின்னு என் உயிரை வாங்கினது யாரு மாமா?" என்றார் மச்சான் சார். எண்ணெயும் செண்டும் குரலில் இல்லை.

"சீக்கிரம்னுதானே சொன்னேன். அவிச்சு வைக்கவா சொன்னேன்?"

டேங்க்காரரின் மனைவி தாளை மேஜையில் வைத்தாள். விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"ஒரு பொண்ணை ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்துட்டு வந்து நம்ம பொண்ணை மடியில வச்சுக்கிட்டிருந்தீங்களா?" என்றாள். சத்தம் போடவில்லை. "இன்னைக்கு வெளியில படுங்க. கட்டில் மேல விறகு இருக்கு, எடுத்துக் கீழ போட்டுக்குங்க."

அவள் போனாள். டேங்க்காரர் பின்னாலேயே போனார், நாலடி தள்ளி. அந்த நாலடி அவருக்குப் பழக்கமான தூரம்.

முதலாளி கைக்குட்டையை மடித்தார். விரித்தார். ஆராய்ச்சிக்காரியைப் பார்த்துப் புன்னகை போன்ற ஒன்றைச் செய்தார்.

"சரிம்மா. நடந்தது நடந்துபோச்சு. இது இந்த ரூமோட இருக்கட்டும். நீ மறுபடி பண்ணிடலாம்ல? ஆறு மாசம் எடுத்துக்கோ. டேங்க் ரூம் சாவியும் உன்கிட்டயே இருக்கட்டும்."

காலையில் திருடி, மாலையில் அம்மா. தராசம்மா காறித் துப்பவில்லை, தரைவிரிப்பு இருந்தது.

ஆராய்ச்சிக்காரி பாட்டிலை எடுத்தாள். மூடியைக் கழற்றினாள். பாதியை, அவசரமில்லாமல், முதலாளியின் மேஜைவிரிப்பில் ஊற்றினாள். அது பச்சைத் துணியில் மெதுவாகப் பரவியது.

"இவ்வளவு வருஷமா ஆயிரத்துல ஒரு பங்குதான் உங்ககிட்ட வந்தது சார். முழுசா ஒரு தடவை பார்த்துக்குங்க."

மீதியை மூடித் தன் பையில் போட்டுக்கொண்டாள். இந்தத் தடவை யாரும் பையைத் தடவவில்லை. வாசலில் நின்று தராசம்மாவைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தாள்.

"போ" என்றாள் தராசம்மா. "அப்பாவுக்கு மருந்து நேரம்."

அறை குளிரூட்டப்பட்டது. ஜன்னல்கள் திறக்காதவை. மூக்கன் வாயால் மூச்சுவிட்டான். மச்சான் சார் சட்டைக் காலரை இழுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். இருந்த நாலு பேரில் சுகமாக இருந்தது தராசம்மா ஒருத்திதான். கையெழுத்துப் போட்ட இரண்டு தாள்களையும் ஒரு உறையில் போட்டு, உறைமேல் பிஸ்கெட் கம்பெனியின் விலாசத்தை எழுதிக்கொண்டிருந்தாள்.

நாலு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். கதவைத் திறந்தவர் அப்படியே நின்றார். கை தானாக மூக்குக்குப் போனது.

"என்ன சார் இது? எலி கிலி செத்துக் கிடக்கா?"

முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். நாற்றம் என்று ஒப்புக்கொண்டால் எதனுடையது என்று சொல்ல வேண்டும். எதனுடையது என்று சொன்னால் மேஜையில் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் இரண்டு மாதக் கையெழுத்தையும் சொல்ல வேண்டும். அவர் கண்ணில் நீர் கோத்திருந்தது. மூக்கின் நுனி சிவந்திருந்தது.

"நாத்தமா?" என்றார். "எனக்கு ஒண்ணும் வரலையே. புகார் எதுவும் இல்லை இன்ஸ்பெக்டர். ஒரு சின்னக் குழப்பம், தீர்ந்துபோச்சு."

இன்ஸ்பெக்டர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். மூக்கிலிருந்து கையை எடுக்காமலேயே திரும்பிப் போனார்.

மூக்கன் நாற்காலியைச் சுற்றிப் போய், சுவரில் இருந்த பத்திரத்தைக் கிட்டத்தில் படித்தான். பழைய தொழில், சின்ன எழுத்தைத்தான் முதலில் பார்ப்பான்.

"அக்கா, மோப்பம் முழுசா போயிட்டா கம்பெனிக்கு உடனே தெரிவிக்கணும்னு போட்டிருக்கு. போலீஸ் சாட்சியே இருக்கு. நாமளே ஒரு வரி எழுதிப் போட்டுடலாமா?"

"எழுது" என்றாள் தராசம்மா, உறையை ஒட்டிக்கொண்டே. "இறந்த நேரம் நாலு மணி மூணு நிமிஷம்னு போடு."